முன்பக்கம் பார்த்த சிவப்பு லைட்

அந்த லைட் ஏன் தினமும் முன்பக்கம் திரும்பிக்கொள்கிறது என்று எனக்குப் புரியவேயில்லை.

என் வீட்டுக்காரர் திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகும் ரோட்டில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்கிறார். நான் பிசிறு வெட்டி மடிக்க வேண்டிய லுங்கிகளை மூட்டையாகக் கட்டி, சாயங்காலம் சைக்கிள் கேரியரில் கொண்டுவருவார். மழைக்காலத்தில் ஒருநாள் ஒரு லாரி மூட்டையை உரசித் தள்ளிவிட்டது. முழங்கை சிராய்ந்து, சேறும் ரத்தமுமாக வாசலில் வந்து நின்றார்.

கடையில் ஒரு சிவப்பு லைட் வாங்கினேன். அதன் கிளிப் கேரியர் கம்பியில் நிற்கவில்லை. நின்றாலும் மூட்டை மறைத்துவிடும். சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். இரும்புப் பட்டை ஒன்றை வளைத்து, மூட்டைக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி கேரியரில் முடுக்கினேன். அதன் நுனியில் நூல் சுற்றும் உடைந்த தறி பாபின் ஒன்றைச் செருகி, பழைய டியூப் ரப்பரால் லைட்டைக் கட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அசையவில்லை.

காலையில் பின்பக்கம் பார்த்துப் போன லைட், சாயங்காலம் முன்பக்கம் பார்த்து வந்தது. ரோடு குலுக்கியிருக்கும் என்று ரப்பரை இறுக்கினேன். மறுநாளும் அதே கதை. ஸ்குரூ போட்டேன். அதையும் கழற்றித் திருப்பியிருந்தது. யாராவது விளையாடுகிறார்களா, இல்லை நான் செய்தது இவருக்குத்தான் பிடிக்கவில்லையா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. முன்பைவிட நேரம் கழித்து வேறு வந்துகொண்டிருந்தார்.

அத்தை மகன் என்பதால் அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன். "பாவா, லைட்ட யாரு திருப்பறது?" என்று கேட்டேன்.

"தெரியலம்மே," என்று கை கழுவப் போய்விட்டார்.

ஒரு சாயங்காலம் அக்காவைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் கனகம்மாசத்திரம் கிளம்பினேன். இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் எங்கள் ஓரத்திலேயே ஒரு சிவப்பு லைட் தெரிந்தது.

"இன்னாடா இது, முன்னால போவுதுன்னு பாத்தா கிட்ட வந்துகினு கீது," என்றார் டிரைவர்.

ஆட்டோ வெளிச்சத்தில் என் பாபின் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"ஏன் பாவா ராங் சைடுல தள்ளிகினு வர்றீங்க?"

அவர் தலை தூக்கவில்லை. "பின்னால வர்றது தெரிய மாட்டேங்குது. எதிர்ல வந்தா பாத்து ஒதுங்கிக்கலாம். அவனுக்கும் நான் தெரியணும்ல, அதான் திருப்பிக்கினேன்." மூட்டைக் கயிற்றை இழுத்து இறுக்கியபடி, "ஏறி உக்காந்தா காலு நடுங்குதும்மே," என்றார்.

காலையில் நான் வாசலில் நின்று பார்க்கும்போது, தெருமுனை வரை மிதித்துத்தான் போவார். எனக்காக.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் லாரிகளைப் பார்த்தபடி அவரோடு ஊர் வரை நடந்தேன்.

மறுநாள் லைட்டை நானே முன்பக்கம் பார்க்க முடுக்கிக் கொடுத்தேன். அவர் வாசலிலிருந்தே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.