மலர்க்கொடி ஒட்டி வைத்த ஆறு பைகள்

சிங்கவரத்தில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் சேர் இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. என் தங்கை மலர்க்கொடி ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். சொன்னார் என்பதுகூடச் சரியில்லை. "மச்சான்..." என்றவர் போனை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டார். இந்தத் தாலுகாவிலேயே பெரிய சாமியானாக் கடை என்னுடையது. புயலடித்தபோதும் பந்தல் சாயாமல் ஒற்றைக் கையால் கம்பத்தைப் பிடித்து நின்றவன் நான். அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்க முடியாமல் நின்றேன். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் வந்து அதை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். "நீ கெளம்புப்பா, இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றார். மறுநாள் என் வேன் என் தங்கை வீட்டு வாசலிலேயே சேர் இறக்கியது.

அவளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதித் தரச் சொன்னவர் அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். ஆண்டு மலரில் போடுகிறாராம். நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான். ஆனாலும் என் மனுவைப் படித்துவிட்டு "யாரய்யா இதை எழுதினது?" என்று கலெக்டரே எழுந்து நின்று கேட்டிருக்கிறார். அந்தத் தைரியத்தில் பேனாவை எடுத்துவிட்டேன்.

உங்களில் பாதித் தாய்மார்கள் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் அவள் சொல்லிக்கொடுத்த காகிதப் பை தொங்குகிறது. அது எங்கே பிறந்தது என்று சொல்கிறேன். சாமியானா போடுகிறவன் வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி எடைக்குப் போடப் போன அன்று அவள் வந்தாள்.

"இன்னாண்ணா இது, இவ்ளோ கெட்டி அட்டையப் போயி எடைக்குப் போடற? எனக்குக் குடு."

"எடுத்துக்கோ. ரெண்டு லாரி இருக்குது, எப்படிக் கொண்டு போவ?"

"ரெண்டு கோணிப் பை" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே இதுதான் பேச்சு. நான் கூட்டுவேன், அவள் கழிப்பாள்.

அவளுக்கு அந்த அட்டை எதற்கு என்றால், அவளை ஷூ கம்பெனிக்கு ஏற்றிப் போகும் வேன் விடியும் முன்பே வந்துவிடும். வீட்டுக்காரர் தனியார் பஸ் கண்டக்டர், அவர் அதற்கும் முன்பே கிளம்புகிறவர். பக்கத்து வீட்டம்மா ஒரு குரல் கொடுத்து எழுப்பிவிடுவார், அதோடு சரி. அப்புறம் ஆறாவது படிக்கும் யாழினியும் ரெண்டாவது படிக்கும் கவினும் தாங்களே கிளம்ப வேண்டும். தினம் ஒரு ரகளை. சாக்ஸில் ஒன்று இருந்தால் ஒன்று இருக்காது. ஐடி கார்டு அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கும்.

அவள் பத்திரிகையின் அடிப்பாகத்தை மேலே மடித்து, ரெண்டு ஓரத்தையும் மைதாப் பசையால் ஒட்டிப் பை ஆக்கினாள். திங்கள் முதல் சனி வரை ஆறு பை. எல்லாவற்றையும் வரிசையாகக் கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டினாள். அந்தந்த நாளுக்கு வேண்டிய சாக்ஸ், கைக்குட்டை, கார்டு, கலர் பென்சில் எல்லாம் அந்தந்தப் பையில். கவினுக்கு அப்போது படிக்க வராது. ஆகவே பத்திரிகையில் அச்சடித்திருந்த படங்களையே வெட்டி முன்னால் ஒட்டினாள். திங்களுக்குப் பிள்ளையார், செவ்வாய்க்குக் குத்துவிளக்கு, புதனுக்கு யானை. அவன் ரொம்ப நாள் வரை புதன்கிழமையை யானைக்கிழமை என்றுதான் சொன்னான்.

பக்கத்தில் காலண்டர் அட்டையில் ஆளுக்கு ஒரு வரிசையாக மடல்கள். பல் விளக்கினால் ஒன்றை மேலே தூக்கி மடிக்க வேண்டும். குளித்தால் ஒன்று, சாப்பிட்டால் ஒன்று, கதவைப் பூட்டும்போது கடைசி ஒன்று. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன் அந்த அட்டையைத்தான் பார்ப்பாள்.

"எதுக்கும்மா இத்தனை ஒட்டு வேலை, ரெண்டு அதட்டு அதட்டினா போதாதா?" என்று கேட்டேன்.

"அதட்டறதுக்கு நான் வீட்ல இருக்கணுமேண்ணா. அதான் பேப்பர்ல அதட்டிட்டுப் போறேன்."

கவின் லேசுப்பட்டவனா? எழுந்ததுமே எல்லா மடலையும் ஒரே வீச்சில் தூக்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் அவள் அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கிட்டே இழுத்து, "ஊது" என்றாள். அவன் வாயை மோந்து பார்த்துவிட்டுப் பல் மடலை மட்டும் தானே இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் மோந்து பார்ப்பது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவள் தெரு முனையில் வரும்போதே வாயைத் திறந்துகொண்டு ஓடுவான்.

பெற்றோர் கூட்டத்தில் அவள் இதைச் செய்து காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்று நான் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அவள் குரல் வந்தது: "பசை பத்தலன்னா எங்க அண்ணன் பேச்சைக் கொஞ்சம் எடுத்துக்கோங்க. நல்லா இழுக்கும்." அன்றைக்கு ஆயிரம் பேர் சிரித்தார்கள். அந்த ரூமில் ஆயிரம் பேர் உட்கார முடியாது என்று அவள் இருந்தால் சொல்லியிருப்பாள்.

காய்ச்சல் என்றுதான் படுத்தாள். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோ வாசலில் நிற்கிறது, அவள் சுவரோரம் உட்கார்ந்து ஆறு பையையும் நிரப்பிக்கொண்டிருந்தாள். "சனிக்கிழமைக்குள்ள வந்துடுவேன், அது வரைக்கும் இதுல இருக்குது" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைதான் நான் சிங்கவரத்தில் சேர் இறக்கிக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டுக்கு வல்லத்திலிருந்து வந்த அவள் நாத்தனார் அஞ்சலையம்மா சுவரைப் பார்த்துப் பதறினார். "ஐயய்யோ, மஞ்சள் தடவின பத்திரிகை எழவு வீட்ல தொங்கலாமா? எவ எவ கல்யாணமோ, அந்தப் பொண்ணுங்களுக்கு ஆவுமா?" கெட்ட மனசில் சொல்லவில்லை. முகம் தெரியாத பெண்களின் தாலிக்காகப் பயந்தார். பாயும் தலையணையும் தெருக்கோடிக்குப் போனபோது பைகளும் போயின. எல்லாம் ஒன்றாக எரிந்தன. பத்திரிகை இல்லாததால் மடல் அட்டை மட்டும் சுவரில் தங்கியது.

கருமாதி முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கிளம்பவில்லை. அங்கே நிலத்தில் மல்லாட்டை பிடுங்கும் நேரம், அஞ்சலையம்மா ஊருக்குத் திரும்பியாக வேண்டும். "பெரியவ எப்படியாச்சும் சமாளிச்சுக்குவா. சின்னவனை நான் கூட்டிட்டுப் போறேன், அங்கியே பள்ளிக்கூடத்துல போடலாம்" என்றார். என் தங்கை வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். யாழினிதான் எழுந்து நின்றாள்.

"அத்தை, பை ஒட்டிட்டா அவனே கெளம்பிடுவான். அவனைக் கூட்டிட்டுப் போவாத."

"ஒரு வாரம் பாக்கறேன்டி கண்ணு. அதுக்கு மேல என்னால இருக்க முடியாது."

யாழினி நேராக என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, அட்டை குடு." கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க மனம் வரவில்லை. கெட்டி அட்டையாக வேறு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. என் தங்கையின் கருமாதிப் பத்திரிகை. செஞ்சிக் கோட்டைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு பத்திரிகை யாரும் அடித்ததில்லை என்று பேச வேண்டும் என, வழவழவென்று, கலர் போட்டோவோடு, ஊருக்கே கொடுக்கும் அளவுக்கு அடித்திருந்தேன். ஒரு கட்டு மிச்சம் கிடந்தது. யாழினி அதை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அம்மா மடித்த மாதிரியே மடித்தாள். போட்டோ மட்டும் பையின் உள்பக்கம் போகும்படி மடித்தாள்.

"ஏன்மா படத்தை உள்ள வெக்கற?"

"வெளிய இருந்தா அவன் அழுவான் மாமா."

அந்த வாரம் சாக்ஸ் பையில் இருந்தது, கார்டு பையில் இருந்தது. கவின் குளித்தான், சாப்பிட்டான், போனான். நாலு நாள் போனான். ஆனால் மடல் ஒன்றைக்கூடத் தூக்கவில்லை. ஐந்தாம் நாள் எழுந்திருக்கவே இல்லை. நான் போய்க் கேட்டேன்.

"தூக்கினா யாரு வந்து பாப்பாங்க?" என்றான்.

"நான் பாக்கறேன்டா" என்றாள் யாழினி.

"நீ மோந்து பாக்க மாட்ட."

அவள் உடனே அவன் முகத்தருகே குனிந்தாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனை வல்லத்துக்குப் பஸ் ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமைக்கு என் தங்கை பை ஒட்டியதில்லை. அது பிள்ளைகள் இஷ்டத்துக்கு இருக்கும் நாள் என்பாள். யாழினி ஆறு பையையும் கயிற்றோடு கழற்றிச் சுருட்டி அத்தை கையில் கொடுத்தாள். அஞ்சலையம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். போன வாரம் அவனைப் பார்க்கப் போனேன். பைகளைக் கதவுக்குப் பின்னால் மாட்டித்தான் வைத்திருக்கிறார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. இங்கே யாழினியின் சுவரில் பைகள் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. அவள் பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்கிறாள்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். நூறு சாவு வீட்டில் சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டுக்குப் போனால் யாழினியின் செருப்பை நேராக வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது மூன்று பை. என் சர்க்கரை மாத்திரைக்காக அவள் ஒட்டித் தந்தவை. காலைக்குச் சூரியன், மதியத்துக்குச் சோற்றுத் தட்டு, ராத்திரிக்கு நிலா. என் வீட்டில் இருந்ததால் எரியாமல் தப்பின. மூலையில் மஞ்சள்கூட அப்படியே இருக்கிறது. ஆனால் மைதாப் பசையைப் பூச்சி அரிக்கிறது. நிலாப் பையின் ஒரு ஓரம் விட்டுவிட்டது. வேறு பசை போட எனக்குக் கை வரவில்லை. அடுத்த மழை வரை தாங்காது.

இன்னொன்றும் அவளுடையதாக என்னிடம் மிச்சம் இருக்கிறது. அன்று பரணிலிருந்து இறக்கியது ரெண்டு லாரி இல்லை. ரெண்டு கோணிப் பைதான்.