பழைய எண், புதிய எண்

எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இரண்டும் ஒரே கதவுதான் என்பது கூரியர்காரருக்குக்கூடத் தெரியும். பெரிய புரோகிராமர் என்று அலட்டிக்கொண்டிருந்த எனக்குத்தான் உறைக்கவில்லை.

அப்போது தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அந்தக் கால கம்ப்யூட்டர், நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கும். முதல் எண்ணைப் பதினாறால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் இடம் வந்துவிடும். நூறும் பதினாறும் ஒரு ஜோடி, நூற்றொன்றும் பூஜ்யமும் இன்னொரு ஜோடி. போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே இடம். அடுத்தவர் இடத்தில் எழுதப் போனால் தடுக்கும் புரொடக்டட் மோட் என்ற வசதி அந்தக் கம்ப்யூட்டரின் சிப்பிலேயே இருந்தது. ஆனால் அதற்குள் போனால் ரீசெட் செய்யாமல் திரும்ப முடியாது, கம்ப்யூட்டரை இயக்கும் எங்கள் டாஸும் அங்கே ஓடாது. எனவே அந்தத் தடுப்பில்லாத ரியல் மோட்டிலேயே காலம் தள்ளினோம். அதில் யார் எங்கே எழுதினாலும் கேட்பாரில்லை.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு மார்க் ஷீட் போட்டுத்தரும் வேலை வந்தது. புரோகிராம் நான் எழுதினேன். மார்க்குகளை டைப் அடித்தவர் அஸ்தினாபுரத்திலிருந்து வந்த ஒரு பெண். அவருக்கு அதுதான் முதல் வேலை. அச்சாகி வந்தபோது பல பிள்ளைகளின் மார்க் மாறிக் கிடந்தது. முதலாளி கேட்டதும் டைப்பிங் மிஸ்டேக் என்றேன், யோசிக்கக்கூட இல்லை. மூன்று முறை சரிபார்த்ததாக அந்தப் பெண் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் தலையைக் குனிந்து வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் பீரோவை ஒழித்தபோது அந்தப் புரோகிராமின் பிரின்ட் அவுட் அகப்பட்டது. சும்மா படித்தேன். இந்த இடம் காலியா என்று பார்க்கும் வரியில் பெருக்கிக் கூட்டாமல், எண்களை அப்படியே ஒப்பிட்டிருக்கிறேன். எண் வேறென்றால் இடமும் வேறு என்று நினைத்து, ஒரு வகுப்பின் மார்க் மேலேயே இன்னொரு வகுப்பின் மார்க்கை எழுதவைத்திருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பழைய சகா ஒருவரிடம் அந்தப் பெண்ணின் நம்பர் வாங்கினேன். மன்னிப்புக் கேட்பதை நாலு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தேன்.

"தப்பு என் புரோகிராம்லதாங்க. நீங்க அடிச்சதெல்லாம் சரியாதான் இருந்தது."



"அது எனக்கு அப்பவே தெரியும் சார்," என்றார். "ஆனா அதுக்கப்புறம் எங்கப்பா என்னை எந்த வேலைக்கும் அனுப்பவே இல்ல."