கசங்காத வேட்டி

முடக்குவாதக்காரர்களின் விரல்களுக்குப் பயிற்சி தரும் அறையில்தான் அந்த வலியசாலை அக்ரஹாரத்துக்காரரைப் பார்த்தேன். வியாதி அவர் மனைவிக்கு. அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் அவர் வாயிலிருந்துதான் வரும். உட்காரும் முன் வேட்டி மடிப்பை இருமுறை நீவிக்கொள்வார்.

"அம்மா, வீட்டுல துணி பிழியறதுண்டோ? விரல் இன்னும் கோணிப்போகும், கேட்டோ" என்றாள் பயிற்சி தரும் பெண்.

"சேச்சே, நான் விடவே மாட்டேன்" என்றார் அவர்.

எனக்கும் அதே வியாதி. எரிச்சலோடு கேட்டேன்: "இந்த வேட்டியை யார் தோய்க்கறா?"

"இவள்தான். மிஷின்ல போட்டா நைஞ்சுபோயிடாதோ?"

கொஞ்சமும் கூச்சமில்லை. மூட்டு கோணாமலிருக்க மனைவியின் மணிக்கட்டில் புதிதாக மாட்டிய பட்டையைத் தடவிப் பார்த்தார். "தோய்க்கறச்சே இதைக் கழட்டி வெச்சுடு. நனைஞ்சுடப் போறது."

அந்தக் குரலில் இருந்தது நிஜமான அக்கறை.