எல்லாருக்கும் ஒரே பெட்ரோல்

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்புக்குத் திடீரென்று நியாய உணர்வு வந்துவிட்டது. பந்தயத்தில் எல்லாரும் சமமாக ஓட வேண்டுமாம். அதற்காக எல்லாரும் ஒரே பெட்ரோலை ஊற்ற வேண்டுமாம். கிளப் கொண்டுவந்து வைக்கும் தோங்கிலிருந்துதான், அந்தப் பெரிய பீப்பாயிலிருந்துதான், பிடிக்க வேண்டும். வீட்டிலிருந்து வரும் மோட்டாரின் டாங்கியைக் கவிழ்த்துக் காலி செய்து காட்ட வேண்டும். கிளப் பெட்ரோலை ஊற்றியதும் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். பந்தயம் முடிந்ததும் ஒரு போத்தலில் பிடித்துச் சோதிப்பார்கள்.

சமம் என்று அவர்கள் சொன்னதைக் கொஞ்சம் பாருங்கள். என் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவருக்குச் சுங்கைப் பட்டாணியில் சொந்தப் பட்டறை. அவர் ஒரு வேன் நிறைய டயர் கொண்டுவருவார். டயருக்குக் குளிராமல் இருக்க மின்சாரப் போர்வை. மூன்று மெக்கானிக். அவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆள். நான் ஓட்டுவது ஒரு பழைய கப்சாய், கடைக்குப் போய்வரும் சின்ன மோட்டார். ஞாயிற்றுக்கிழமை விளக்கைக் கழற்றிவிட்டுப் பந்தயம் ஓட்டுவேன். திங்கட்கிழமை விளக்கை மாட்டி அதே வண்டியில் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவேன். நாங்கள் இருவரும் இப்போது சமம். பெட்ரோல் ஒன்றுதானே.

விதி காரணமில்லாமல் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் தின்னர் கலந்தவன் உண்டு. துணி அலமாரியில் போடும் அந்துருண்டையைப் பொடி செய்து டாங்கியில் போட்டால் வண்டி பறக்கும் என்று நம்பியவன் உண்டு. நானும் ஒருமுறை போட்டேன். வண்டி பறக்கவில்லை. மூன்று நாள் என் ஜாக்கெட்தான் பீரோ மாதிரி நாறியது.

என் மெக்கானிக் என் அக்கா. ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் பதினைந்து வருடம் நின்றவள். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தே எத்தனையாம் நம்பர் என்று சொல்வாள். வெயில் ஏறினால் எந்த ஜெட், மழை தூறினால் எந்த ஜெட் என்பது அவளுக்குத்தான் தெரியும். எனக்கு ஆக்சிலேட்டரைத் திருகத் தெரியும். அவ்வளவுதான்.

அன்றைய பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மலேசிய வட மாநிலங்களின் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன், ஐந்தாவதுக்கு மேல் வந்ததில்லை. மெர்போக் பக்கம் ஒரு தொழிற்பேட்டைச் சாலையை அடைத்து ஓட விட்டார்கள். நான் மூன்றாவதாக வந்தேன். பட்டறைக்காரர் நான்காவது. இரண்டாவது சுற்றில் ஒரு வளைவில் இன்ஜின் இருமியது, பிறகு சரியாகிவிட்டது. அந்த இருமலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டியைச் சோதனைக் கூடாரத்துக்குத் தள்ளிப் போனோம். தலைமைச் சோதனையாளர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனுஷன். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு மினரல் வாட்டர் போத்தலில் பிடித்தார். போத்தல் அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியது. டாங்கி மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பெட்ரோலில் ஒரு பச்சை இலை மிதந்தது. மூடியை மூக்கருகே கொண்டுபோனவர் என்னைப் பார்த்தார்.

"அந்துருண்டையா?" என்று மலாயில் கேட்டார்.

இல்லை என்றேன். இந்த முறை அது உண்மை. அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கக் காலையிலேயே ஒரு போத்தல் கிளப் பெட்ரோலை எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. எடுத்தும் வைத்தார்கள். வளைவில் புல் வளர்ந்திருக்கிறதே என்று யாரோ அதைப் புல்வெட்டும் மிஷினில் ஊற்றிவிட்டார்கள். தோங்கும் காலி. சோதனையாளர் யோசித்தார். வெளியே நின்ற தன்னுடைய சொந்த மோட்டாரிலிருந்து கொஞ்சம் பிடித்துவந்தார். திக்காம் பத்து பெட்ரோல் நிலையத்தில் காலையில் ஊற்றியது. அதுதான் அன்றைக்கு எல்லாருக்குமான அளவுகோல். கமிட்டி ஆட்கள் நாலு பேர் இரண்டு போத்தலையும் மாற்றி மாற்றி மோந்தார்கள். கல்யாண வீட்டில் ரசம் ருசி பார்க்கும் சமையல்காரர்கள்கூட இவ்வளவு அக்கறையாக மோந்து நான் பார்த்ததில்லை.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, அது தீர்த்தம்டா."

"என்னா தீர்த்தம்?"

"நேத்துப் பொரட்டாசி சனிக்கெழம. பெருமாள் கோயில்ல குடுத்தாங்க. கொஞ்சம் ஊத்துனேன்."

"வண்டி மேல தெளிப்பாங்க. டாங்கிக்குள்ளயா ஊத்துவாங்க?"

"மேல இருக்குறது பிளாஸ்டிக்குலா. அதுக்கு ஊத்தி என்னா பிரயோசனம்? ஓடுறது இன்ஜின்தானே. ஸ்டிக்கர் ஒட்றதுக்கு முன்னாடிதான் ஊத்துனேன்."

ஜெட்டின் நம்பரைக் கண்ணால் சொல்கிறவள். பெட்ரோலில் தண்ணீர் சேராது என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் பாடம் எடுக்கிறவள். தீர்த்தம் அவள் கணக்கில் தண்ணீர் இல்லை. அதில் துளசியும் பச்சைக் கற்பூரமும் இருந்தன. அந்துருண்டை மாதிரி அடித்தது அந்தக் கற்பூரம்தான்.

பட்டறைக்காரர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் நெற்றியில் நாமத்தோடு வந்தவர்தான். போத்தலை ஒருமுறை மோந்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க, இது என்னா வாசம்?" என்று கேட்டேன்.

"எனக்கு மூக்கடைப்பு தம்பி," என்றார்.

அக்காவே முன்னால் போய்ச் சோதனையாளரிடம் மலாயில் சொன்னாள். கோயில் தண்ணீர், நான்தான் ஊற்றினேன், தம்பிக்குத் தெரியாது என்றாள். அவர் முகம் மாறியது. "ஆயெர் டோவா மாதிரியா?" என்றார். அவர்கள் ஓதி வாங்கும் தண்ணீர். அவருடைய அம்மா அதை அவர் வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறாராம். தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. சிரித்து முடித்துவிட்டு நிரப்பிக் கையெழுத்துப் போட ஒரு பாரத்தை எடுத்து வைத்தார்.

பாரத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பெட்ரோலில் கலந்தது ஓட்டுநர் பொறுப்பில் என்றால் அவருடைய இடம் மட்டும் ரத்து. உதவியாளர் ஓட்டுநருக்குத் தெரியாமல் செய்தது என்றால் இடம் அப்படியே இருக்கும், உதவியாளர் இந்தப் பருவம் முழுக்கப் பந்தய இடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. எந்த நாட்டு விதிப் புத்தகத்திலிருந்து காப்பி அடித்தார்களோ தெரியவில்லை. பத்து மெக்கானிக் வைத்திருக்கிறவனுக்கு எழுதிய விதி. ஒருத்தனை வெளியே தள்ளினால் ஒன்பது பேர் மிச்சம். எனக்கு இருப்பது ஓர் அக்கா.

"ரெண்டாவதுல போடு," என்றாள் அக்கா. "நெசமும் அதானே. நான் வீட்ல இருந்துக்கிறேன்."

உண்மை அதுதான். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இறுதிச் சுற்றுக்கு நான் போகலாம். அங்கே போய் ஜெட்டை எவன் மாற்றுவான்? வெயில் ஏறும்போது தடுப்புக்கு வெளியே நிற்கிற அக்காவைப் பார்த்துக் கையாட்டவா? இருந்தாலும் ஒன்பது வருடம். அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டேன். அவளும் கேட்டாள். சோதனையாளர் எழுந்து போய் ஒரு கிளாஸ் தேத்தாரேக் டீ குடித்துவிட்டு வந்தார்.

முதல் கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கார்பரேட்டர் கழற்றத் தெரியாது.

பட்டறைக்காரர் மூன்றாவதாக மேடை ஏறினார். மூக்கடைப்பு அதற்குள் சரியாகிவிட்டது போல, மாலையை மோந்து பார்த்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றார்.

வண்டியை ஏற்றிக்கொண்டு இரவல் வேனில் திரும்பும்போது அக்கா கேட்டாள், "ஏன்டா அதுல போட்ட?"

"பேசாம வா."

"பைத்தியம். அந்த வளைவுல இருமுச்சுன்னியே, அது தண்ணிதான். அது இல்லன்னா ரெண்டாவது வந்துருப்ப."

ஆறுதல் சொல்வதில் எங்கள் குடும்பம் இப்படித்தான்.

அடுத்த பந்தயத்தில் விதித்தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எந்த மதத்தின் புனித நீரையும் வண்டியின் வெளிப்புறத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தோங்கைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு வட்டமும் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் மட்டும்தான் அதற்குள் வரலாமாம், பெட்ரோல் பிடிக்க நான் மட்டும் உள்ளே போனேன். அக்கா கோட்டுக்கு வெளியே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, தோங்கின் மூடியில் துரு இருக்கிறது, முதலில் அதைத் துடைக்கச் சொல்லுங்கள் என்று கமிட்டிக்காரரை மலாயில் திட்டிக்கொண்டிருந்தாள்.