கயிறு பிடித்த கை

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் அலைமோதும். அன்றைக்கே கடையை அடைத்துவிட்டு மலையேற்றக் குழுவோடு கிளம்பிவிடுகிற பைத்தியம் சலூன்காரர். மனைவியின் தம்பியைக் குழுவில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவன் பாறையில் தொங்கும்போதெல்லாம் கீழே நின்று கயிற்றைப் பிடித்திருப்பதும் அவர்தான்.

"மழை வரும்போல இருக்கு மாமா, இந்த வாரம் யாரும் போகல" என்று மைத்துனன் போனில் சொன்னதை நம்பி, அந்த ஞாயிறு முழுக்க வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தார்.

மறுநாள் மைத்துனன் சவரத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தான். முகம் வெயிலில் கறுத்திருந்தது. காதோரம் தொடங்கித் தாடைக்கு அடிவரை, ஹெல்மெட் வார் மறைத்த இடம் மட்டும் வெள்ளைக் கோடாக இருந்தது.

சலூன்காரர் நுரையைக் குழைத்தபடி கேட்டார்.

"நேத்து என்ன பண்ணுன?"

"வீட்ல நல்லா தூங்கினேன் மாமா."

"சரி, கயித்த யாரு புடிச்சா?"

கண்ணாடியில் அவன் பார்வை தடுமாறியது.

"உங்களுக்கு வயசாயிடுச்சாம், கை நடுங்குதாம். இனிமே உங்கள நம்பி உயிர விட முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு மாமா."

சொல்லிவிட்டு, எப்போதும்போலக் கண்ணை மூடி, அவருடைய கத்திக்குக் கழுத்தை நிமிர்த்திக் காட்டினான்.