வெள்ளைப் புள்ளி வைத்த கேபிள்

எங்கள் கிள்ளான் அலுவலகத்தில் சீதாலெட்சுமி அக்காவிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். நான் கொடுத்தேன்; வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது, வீடு சாலாக் செலாத்தானில். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் போர்டுகளில் பாகங்களைப் பற்றவைக்கும் வேலை பார்த்து, மாலை வகுப்பில் டிப்ளோமா முடித்து, மின்சுற்று வரையும் நாற்காலிக்கு வந்தவர். உள்ளங்கை அளவுக் கணினியை ஏற்றி உட்கார வைக்கும் கேரியர் போர்டுதான் அவர் வரைவது. கேமரா, திரை எல்லாம் அதில்தான் வந்து சேரும். முழுக்கத் தானே வரைந்த முதல் போர்டின் ஓரத்தில் 'சீ.லெ.' என்று எறும்பளவு எழுத்தில் போட்டிருந்தார்.

இருநூறு போர்டு செய்தோம். முதலாவது, காப்பாரில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளைத் தரம் பிரிக்கும் நிலையத்துக்குப் போனது. லோரியில் வரும் குலைகளைக் கேமரா பார்த்து, பழுத்ததா காயா என்று சொல்ல வேண்டும். அங்கே போனதும் வம்பு. ஒரு நாள் படம் பளிச்சென்று வரும். மறுநாள் திக்கித் திணறும். எங்கள் மேசையிலோ மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

"சாப்ட்வேர் கிளீன் லா. போர்டுதான்," என்று நான் சத்தம் போட்டேன். நிரல் எழுதுகிறவன் வேறென்ன சொல்வான்?

முதலாளி தம்புசாமி முடிவெடுத்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா டிசைனை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன், சீதா. நீ பழையபடி பற்றவைக்கப் போயிடு."

அக்காவின் முகம் செத்துப்போனது.

வியாழன் காலை என்னையும் இழுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனார். எதையும் தொடவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அங்கே தினமும் கேமராவைத் துடைத்து மாட்டும் ஊழியர் நஸ்ரினின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்ரின் கேமராவின் கேபிளைப் போர்டில் சொருகினாள். படம் திணறியது. அலட்டிக்கொள்ளாமல் உருவி, புரட்டிச் சொருகினாள். பளிச்!

"எப்பவும் இப்படித்தானா, தங்கச்சி?"

"ஆமாக்கா. மக்கர் பண்ணினா திருப்பிப் போடுவேன். உங்க ஆளுங்க யாரும் கேக்கலையே."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் மேசைக் கேபிளின் தலையில் லிக்விட் பேப்பரால் வெள்ளைப் புள்ளி வைத்தவர் அவர்தான். பழைய யுஎஸ்பி ஒரு பக்கமாகத்தான் நுழையும். புள்ளி மேலே இருந்தால் தப்பாது. எப்படியும் சொருகலாம் என்ற டைப்-சி வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. மூன்று மாதமும் புள்ளியை மேலே வைத்தே சொருகினோம். மறுபக்கத்தை ஒரு பயலும் சோதிக்கவில்லை, நான் உட்பட.

திரும்பி வந்து புள்ளியைக் கீழே வைத்துச் சொருகினோம். திணறல்! ஒரு மணி நேரத்தில் அக்கா பிடித்துவிட்டார். எந்தப் பக்கம் சொருகியிருக்கிறது என்று சொல்லும் சிக்னலுக்கு ஒரு ரெசிஸ்டர் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டும் சிக்னல் அல்லாடும். போர்டில் அதற்கு இடம் இருந்தது. வைக்க வேண்டிய பாகங்களின் பட்டியலில் அதை எழுத அக்காவே மறந்திருந்தார்.

நேராகத் தம்புசாமியிடம் போனார். "என் தப்புதான், பாஸ். ஆனா இது நல்ல போர்டு. நாளைக்குப் பாருங்க."

பதினோரு வருடம் பற்றவைத்த கை சும்மா இருக்குமா? கடுகளவு ரெசிஸ்டர்களை வெள்ளி மதியத்துக்குள் அத்தனை போர்டிலும் வைத்து முடித்தார். எடுத்துக் கொடுத்தது நான்.

தம்புசாமி வந்ததும் அக்கா கேபிளின் புள்ளியைச் சுரண்டிவிட்டு நீட்டினார். "கண்ணை மூடிக்கிட்டுச் சொருகுங்க, பாஸ்."

பத்துத் தடவை புரட்டிப் புரட்டிச் சொருகினார். பத்துத் தடவையும் படம் பளிச்சென்று வந்தது.

"இப்ப எந்தப் பக்கம் சொருகியிருக்கேன்?"

"உங்களுக்கு அது தெரியவே வேணாம், பாஸ். அதுக்குத்தான் இந்த போர்டு."

தம்புசாமி சிரித்துக்கொண்டே வெளிக் கம்பெனிக்குப் போன் போட்டார். "டிசைன் உங்ககிட்ட வராது லா. எங்க சீதா இருக்கா."

நான் கைதட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அடுத்து உன் சாப்ட்வேரைப் புரட்டிப் பாக்கலாமா, தம்பி?"