விரலில் மை, வீட்டில் கலியாணப் பேச்சு

ஊரார் கையைப் பிடித்து மை பூசுவதற்கும் சம்பளம் உண்டு என்பது, அந்த வேலையில் சேரும்வரை எனக்குத் தெரியாது. கணக்கெடுப்பு, தடுப்பூசி, காப்புறுதி என்று வீடு வீடாகப் படலை தட்டியவர்களே, நாய்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. விரல் ரேகைகள் தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடும், சாகும்வரை மாறாது. பரம்பரையாக வரும் சலரோகத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, அந்த ரேகையில் ஏதாவது அடையாளம் இருக்குமா என்று ஒரு பெண் டொக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். தீவுப்பகுதிச் சனங்களின் விரல்களைக் கடதாசியில் பதித்துக் கொடுப்பது என் வேலை. கறுத்த விரல்களோடு ஆமிக்காரரின் சென்றிக் காவலைத் தாண்டுவதும் அதில் அடக்கம்.

சாத்திரியார்

நாரந்தனையில் பரமேஸ்வரி அக்கா வீடு. அவருடைய புருஷன் சலரோகத்தில் காலை இழந்து, பிறகு உயிரையும் விட்டவர். ஒரே மகள் வதனிக்கு ஜேர்மனி மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். "ரேகை எடுக்க வந்தனான்" என்றேன். அவ்வளவுதான். கைரேகை சாத்திரி வந்திருக்கிறார் என்று வேலிக்கு மேலால் செய்தி பறந்தது. ஆண்கள் வலது கையையும் பெண்கள் இடது கையையும் கழுவிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். நான் விளக்கிச் சொல்லிக் களைத்துப்போனேன்.

வதனி வாடி மெலிந்திருந்தாள். மை காய்வதற்குள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். மெலிவும் தீராத தாகமும் சலரோகத்தின் அடையாளங்கள். சலத்தை, அதாவது சிறுநீரை, ஒருக்கால் சோதித்துப் பார்ப்போமா என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன். அவர் முகம் கறுத்தது. நோய்க்குச் சோதித்தார்கள் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாப்பிள்ளை எப்ப வருவார் எண்டு மட்டும் பாரும் தம்பி. மற்றதொண்டும் வேண்டாம்."

தேய்ந்த விரல்கள்

அந்தப் பிள்ளையின் நினைப்போடுதான் அடுத்ததாக மண்கும்பானுக்குப் போனேன். அங்கே சின்னத்தம்பி அண்ணை, பனை ஏறுபவர். எத்தனை தரம் பதித்தாலும் கடதாசியில் கறுப்புத் திட்டுத்தான் விழுந்தது. மையைக் குறை சொன்னேன், கடதாசியைக் குறை சொன்னேன், வெயிலையும் விடவில்லை. அவர் என் எரிச்சலைப் பொருட்படுத்தாமல், ஓலையில் கோலிய பிளாவில் கருப்பணி வார்த்துத் தந்தார். அந்த இனிப்பு நீர் தொண்டையில் இறங்கியதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு அண்ணை சொன்னார்: "என்ரை ரேகை முழுக்கப் பனை மரத்திலைதான் தம்பி கிடக்கு. வேணுமெண்டால் ஏறி எடுங்கோ."

குசினியில் ஒரு சோதனை

வதனியின் கதையை டொக்டரிடம் சொன்னேன். அவர் மறுநாளே என்னோடு நாரந்தனைக்கு வந்தார். கார் ஒழுங்கைக்குள் திரும்பியதும் வேலியோரம் தலைகள் முளைத்தன. "பெரிய சாத்திரியம்மா!" என்று யாரோ சொன்னார்கள். டொக்டர் அதை மறுக்கவேயில்லை. விறாந்தையில் அமர்ந்து, எல்லோரும் பார்க்க, வதனியின் கையைப் பார்த்தார். பிறகு, "உள்ளுக்குப் போய்க் கதைப்பம்" என்று தாயையும் மகளையும் குசினிக்குக் கூட்டிப்போனார். மருந்துப் பெட்டியோடு நானும் பின்னால் போனேன். சோதனை சாத்திரத்துக்குள் மறைந்துகொண்டதால் அக்காவும் தடுக்கவில்லை.

வதனியின் சலத்தை நீல மருந்தில் விட்டதும், ஸ்பிரிட் விளக்கில் குழாய் கொதித்தது. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சீனி உச்சத்தில் இருப்பதைக் காட்டும் செங்கல் நிறத்தில் நின்றது.

"ரேகை என்ன சொல்லுது, டொக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"ரேகை சொல்லுமோ எண்டு எனக்கே இன்னும் தெரியாது. இது சொல்லுது. பிள்ளையை இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். விட்டால் காப்பாற்ற ஏலாது."

அக்கா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே வேலியடிக்குப் போனார். "என்ரை பிள்ளைக்குச் சலரோகம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன். ஜேர்மனிக்காரருக்கு ஆரும் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ!"

யாரோ சொல்லத்தான் செய்தார்கள். சம்பந்தம் நின்றுபோனது. வதனி இன்சுலின் ஊசி போடப் பழகி, உடம்பு தேறி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ரேகையில் சலரோகம் தெரியுமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மை பூச வந்தவனை நம்பிக் கையை நீட்டி, கழுவச் சோப்பும் துடைக்கத் துவாயும் தந்து அனுப்பிய அந்தச் சனத்துக்கு நான் செய்த கைம்மாறெல்லாம் அவர்களுடைய வெள்ளைத் துவாய்களைக் கறுப்பாக்கியதுதான்.